வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டம் வைப்பவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் பத்தொன்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். ஐம்பது ரூபாய் நட்டு வாங்கினாலும் பில் இல்லாமல் வந்தால் பெடியனைத் திருப்பி அனுப்புகிறவள். அப்படிப்பட்ட நான், ஊழியத்துக்கென்று காசு சேர்க்க வந்த ஒருவரிடம் 68,000 ரூபாயை ஒரு துண்டுக் கடதாசிகூட வாங்காமல் எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். கடையில் இது இன்னும் யாருக்கும் தெரியாது.

வாங்கியவருடைய பெயரையோ அவர் சொன்ன ஊழியத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. முறைப்பாடு பொலிஸில் இருக்கிறது. பெயரை எழுதினாலும் என்ன பிரயோசனம், நாளைக்கு வேறு பெயரில் வருவார். அவர் எப்படிக் கதைத்தார் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தபசுகாலத்து இரண்டாம் வெள்ளிக்கிழமை. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டில் எங்கள் கூட்டம் நடக்கும். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் கடைசிக்கு முந்தின வீடு. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். யாரோ ஒருவரின் சொந்தக்காரர் என்று அழைத்து வந்திருந்தார்கள். தமிழ்நாட்டுத் தமிழ், வெள்ளைச் சட்டை, தாழ்ந்த குரல். ஜார்கண்ட் மாநிலத்தில் கும்லா மாவட்டத்தில் ஓராவோன் ஆதிவாசிப் பெண்கள் மத்தியில் எட்டு வருஷமாக ஊழியம் செய்வதாகச் சொன்னார். கதைத்துக்கொண்டிருக்கும்போது மொறட்டுவைப் பக்கம் போகும் ரயில் வந்தது. பேச்சை நிறுத்தினார். சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, "இப்படி ஒரு ரயிலில்தான் அவளை டெல்லிக்குக் கொண்டுபோனார்கள்" என்றார். எங்களுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை, அதுதான் பெரிய சங்கடம். கும்லா, சிம்டேகா, குந்தி மாவட்டங்களிலிருந்து பெண்பிள்ளைகளை வீட்டுவேலைக்கென்று டெல்லிக்குக் கொண்டுபோவது, அங்கே ஏஜென்சிக்காரன் வீடுகளில் சேர்த்துவிட்டுச் சம்பளத்தைத் தானே வாங்கிக்கொள்வது, வருஷக்கணக்கில் ஊரோடு தொடர்பே இல்லாமல் போவது, எல்லாம் நடக்கிறது. மதம் மாற்றுவதற்கு எதிராக அந்த மாநிலம் 2017 இல் சட்டம் கொண்டுவந்ததும் உண்மை. வெளிநாட்டு நன்கொடைக்கு இந்தியாவில் 2010 இல் சட்டம் வந்து, 2020 இல் அதை இன்னும் இறுக்கியதும் உண்மை. இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சேர்த்தார்: "அதனால் பாங்கில் போட்டால் பிடித்துவைத்துவிடுவார்கள், கையில்தான் கொண்டுபோக வேண்டும்." யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எஃப்சிஆர்ஏ (அந்த வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்தான்) கெடுபிடி என்று பேப்பரில் படித்திருக்கிறோமே!

அப்புறம் லப்டொப்பைத் திறந்து படம் காட்டினார். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள். முகம் தெளிவாகத் தெரிகிறது. கீழே பெயர், கிராமம். ஒவ்வொருத்திக்கும் என்ன நடந்தது என்று எங்கள் எட்டுப் பேருக்கும் நடுவில், ரீச்சர் வீட்டு மேசையில் பட்டீஸ் வைத்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு தையல் மெஷினுக்கு 65,000 என்றார். மீட்கப்பட்ட பெண்கள் தைத்தவை என்று துணிப் பைகளும் கொண்டுவந்திருந்தார், ஒன்று 1,500. நான் ஒரு மெஷினும் இரண்டு பையும். எல்லோருமாகச் சேர்த்து 4,12,000 போனது. பற்றுச்சீட்டு கேட்க வாய் வந்தது. ஆனால் அவர் அப்போது ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். ஊழியக்காரரிடம் ரிசீட் கேட்பதா என்று பக்கத்தில் இருந்தவர் முகத்தில் எழுதியிருந்தது, எனக்கும் கூச்சம்.

ஐந்து வாரத்தில் ஒரு பையின் சிப் பிய்ந்துபோனது. சிப்பை மாற்றிப் போடலாம் என்று உள்துணியைப் பிரித்தேன். வெளியே சிலுவை அச்சடித்த லேபல் நான்கு மூலையிலும் கறுப்பு நூலால் கையால் குத்தியிருந்தது. பையின் மற்றத் தையல் முழுவதும் மெஷினில் போட்ட பழுப்பு நூல். லேபலை எடுத்துப் பார்த்தால் அடியில் இன்னொரு லேபல், புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் மொத்த விலைக்குப் பை விற்கும் கடையுடையது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நடந்து போனேன். அதே பை, அதே பூ, கொக்கியில் தொங்குகிறது. டசின் கணக்கில் எடுத்தால் ஒன்று 420.

அன்றிரவு திருச்சியில் இருக்கும் சித்தியின் மகளுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். தொண்ணூறில் படகேறிப் போன குடும்பம். அவள் கன்னியர் மடத்தில் சேர்ந்து கும்லாப் பக்கத்திலேயே பதினொரு வருஷம் இருந்தவள். இதை முதலிலேயே அவளிடம் கேட்டிருக்கலாம். ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு, "அக்கா, அங்கே அந்த ஜனங்கள் என்ன பாஷை பேசுவார்கள் என்று யாராவது கேட்டீர்களா?" என்றாள். ரீச்சர் கேட்டிருந்தார். ஏதோ ஆதிவாசி ஹிந்தி என்றார் அந்த மனுஷன். அவள் சிரித்தாள். சாத்ரி என்று ஒரு பொதுமொழி இருக்கிறது, அது ஹிந்திச் சாயல்தான், அதனால் பாதி சரி. ஆனால் ஓராவோன்களுடைய சொந்த மொழி குடுக். நம்முடைய தமிழின் குடும்பம். பல்லுக்கு அவர்களும் 'பல்' என்றுதான் சொல்வார்கள். முதல் வாரத்திலேயே ஒரு பிள்ளை பல்வலி என்று வந்து வாயைக் காட்டியபோது தனக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லையாம். எட்டு வருஷம் அங்கே இருந்த தமிழன் அதைச் சொல்லாமல் இருப்பானா?

பணத்தைப் பற்றி அவள் சொன்னதைக் கவனமாக வாசியுங்கள். வெளிநாட்டிலிருந்து இந்தியாவில் உள்ள ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் காசு போவதென்றால், அந்த நிறுவனம் எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வைத்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, எந்த மாநிலத்து நிறுவனமாக இருந்தாலும் அந்தக் காசு முதலில் போய் விழவேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ஸ்டேட் பாங்க் ஒஃப் இந்தியாவின் புதுடெல்லிப் பிரதான கிளையில் அவர்கள் பெயரில் உள்ள கணக்கு. ஆகவே "சட்டம் இறுக்கம், அதனால் கையில் தாருங்கள்" என்பது தலைகீழ்க் கதை. சட்டம் இறுக்கமாக இருப்பதால்தான் கையில் கொடுக்கக் கூடாது.

படங்களைப் பற்றிச் சொன்னபோது அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த, மீட்கப்பட்ட பிள்ளையின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது இந்தியாவில் 2015 ஆம் ஆண்டுச் சிறுவர் நீதிச் சட்டப்படி குற்றம். உண்மையான இல்லத்தில் விருந்தாளி படம் எடுக்கப் போனை நீட்டினாலே சிஸ்டர்மார் வாங்கி வைத்துவிடுவார்கள். ஊருக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கு முதலில் தேவை தையல் மெஷினும் இல்லையாம். நித்திரை, டொக்டர், அடையாள அட்டை, தன் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம், ஏஜென்சிக்காரனிடமிருந்து வரவேண்டிய சம்பளத்துக்கு வழக்கு. அங்கே சித்தி மகளுடைய வேலையில் பாதி எழுத்து வேலைதான். எந்தப் பிள்ளை, எந்தத் தேதி, யாரோடு ஊரைவிட்டுப் போனாள் என்று கிராமம் கிராமமாகக் கொப்பியில் எழுதி வைப்பது. "கூட்டிக்கொண்டு போகிறவன் மீசை வைத்த வில்லன் இல்லை அக்கா. அநேகமாக அதே ஊர்க்காரியாக இருப்பாள், தெரிந்த முகம்" என்றாள்.

ராஞ்சியில் 1897 இலேயே நான்கு ஆதிவாசிப் பெண்கள் சேர்ந்து தங்களுக்கென ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியிருக்கிறார்கள், புனித அன்னாளின் புதல்விகள் என்று. வட்டிக்காரனிடமிருந்து அந்த ஜனங்களைக் காப்பாற்ற ஹொஃப்மன் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1909 இல் கூட்டுறவுக் கடன் சங்கம் வைத்திருக்கிறார். அவள் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். கடன் சங்கம் என்றால் பேரேடு, ரசீது, கையெழுத்து. பற்றுச்சீட்டு கேட்பது விசுவாசக் குறைவு என்று எங்கள் கூட்டத்தில் சொன்னவர்களுக்கு இதைச் சொன்னேன். இரண்டு பேர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

பொலிஸில் முதலில் கேட்டது ரிசீட். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பைக் கடையின் லேபலையும் வட்ஸ்அப் செய்திகளையும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்கினோம். அவருடைய போன் சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்பே நின்றுவிட்டது. காசு திரும்பும் என்று நான் நினைக்கவில்லை. சரி, போகட்டும் என்று விட்டிருப்பேன், இந்தப் பதிவும் எழுதியிருக்க மாட்டேன்.

ரீச்சர் வீட்டில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு நிற்கிறாள். இருபது வயது. அன்று எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தது அவள்தான். போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அன்ரி, அந்தப் பாஸ்டர் ஐயா எனக்கு இந்தியாவில் தையல் படிக்க இடம் எடுத்துத் தாறேன்னு சொன்னாரே, எப்ப வருவார்?" என்றாள். நாங்கள் முன்னறையில் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் குடிக்கவென்று குசினிக்குப் போனவர் கேட்டிருக்கிறார். பாஸ்போர்ட் இருக்கிறதா என்றாராம். இல்லை. அடையாள அட்டையை இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்திருக்கிறார். ஊரிலுள்ள அம்மாவின் நம்பரையும் வாங்கியிருக்கிறார். பயிற்சி முடிந்ததும் துபாயில் வேலை என்றும் ஒரு வார்த்தை.

2022 கடைசியில் விசிட் விசாவில் கொண்டுபோய் ஓமானில் தவிக்கவிட்ட நம் பெண்களின் செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டு வேலை என்று யார் சொன்னாலும், அவர் பைபிளோடு வந்தாலும், அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உங்கள் வீட்டிலும் வேலைக்கு நிற்கும் பிள்ளை இருந்தால், கூட்டத்துக்கு வந்தவர் யாராவது குசினிப் பக்கம் போய் என்ன கேட்டார் என்று இன்றைக்கே அவளிடம் விசாரியுங்கள். நாங்கள் முன்னறையில் காசை எண்ணிக்கொண்டிருந்தோம், குசினியை யாரும் பார்க்கவில்லை.

ரீச்சர் உடனே தலவாக்கலைக்கு எடுத்தார். அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கோல் வந்திருக்கிறது. பேசியது பெண்ணாம், அன்பாகக் கதைத்தாளாம். நீ எந்தப் பக்கம் பிள்ளை என்று கேட்டதற்கு, "உங்க பக்கந்தான் அம்மா, பக்கத்துத் தோட்டம்" என்றாளாம்.