லினக்ஸ்ல விண்டோஸ் ப்ரோகிராம் ஓட்டி ஆறு வருஷம் ஆச்சு, என் அனுபவம்

2019 கடைசில லினக்ஸ் மின்ட் 19 போட்டேன். அதுக்கப்புறம் இந்த மிஷின்ல விண்டோஸ நேரடியா பூட் பண்ணதே இல்ல. ஆனா விண்டோஸ் ப்ரோகிராம் தொடாம ஒரு வாரம் போனதும் இல்ல, அதையும் சொல்லிடணும். எல்லாத்துக்கும் லினக்ஸ்ல மாற்று இருக்குன்னு சொல்வாங்க, இருக்குதான், ஆனா பல வருஷமா டேட்டா ஏத்தி வெச்ச ஒரு பழைய சாஃப்ட்வேருக்கு மாற்று எங்கருந்து வரும்? என்கிட்ட அப்படி ஒண்ணு மாட்டிக்கிச்சு. விபி6ல, அதாவது மைக்ரோசாஃப்டோட பழைய விஷுவல் பேசிக்ல, எழுதின ஸ்டாக் கணக்கு ப்ரோகிராம், எழுதினவர் இப்போ எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாது, சோர்ஸ் கோட் கிடையாது, மொத்த கணக்கும் ஒரே ஒரு எம்டிபி ஃபைல்ல (ஆக்ஸஸ் டேட்டாபேஸ் ஃபைல்) உக்காந்திருக்கு. நான் வைன் கத்துக்கிட்டதே இத ஓட்டத்தான்.

வைன்னா என்னன்னு ஒரு வார்த்தை, தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. விண்டோஸ் ப்ரோகிராம லினக்ஸ்லயே ஓட்டுறதுக்காக 1993ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட், 1.0 வர்றதுக்கே 2008 ஆயிடுச்சு. இது எமுலேட்டர் இல்ல, அதாவது இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிறது இல்ல. இஎக்ஸ்இக்குள்ள (விண்டோஸ் ப்ரோகிராம் ஃபைல்) இருக்கிற கோட் உங்க ப்ராசஸர்ல நேராவே ஓடுது, அது நடுவுல 'ஏய் விண்டோஸ், இந்த ஃபைல தொற, இங்க ஒரு பட்டன் வரை'ன்னு கேக்குற இடத்துல மட்டும் வைன் வந்து நின்னுகிட்டு லினக்ஸ்கிட்ட சொல்லி வேலைய முடிச்சுக் குடுக்கும். அதனால வேகம் பெருசா குறையாது. ஆனா ப்ரோகிராம் கேக்குற கேள்வி வைனுக்குத் தெரியலன்னா அங்கயே முழிக்கும். ஆறு வருஷத்துல நான் பட்டது எல்லாமே கடைசில இந்த ஒரு விஷயத்துலதான் வந்து நிக்குது, ஒரு ப்ரோகிராம் விண்டோஸுக்குள்ள எவ்வளவு ஆழமா கைய விடுது அப்படிங்கறதுல.

மொத நாள் கதைக்கு வர்றேன். மின்ட் கூடவே வந்த வைன் 3.0, டபுள் கிளிக் பண்ணேன், ஒண்ணுமே நடக்கல, எர்ரர் கூட வரல. ரெண்டு நாள் கழிச்சுதான் புரிஞ்சது, டெர்மினல்ல இருந்து ஓட்டினாதான் அது என்ன புலம்புதுன்னு தெரியும்னு. புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ற மொத விஷயமே இதான், 'ஃபிக்ஸ்மீ'ன்னு ஆரம்பிக்கிற வரி நூறு வந்தாலும் கண்டுக்காதீங்க, 'எர்'னு ஆரம்பிக்கிற வரியப் பாருங்க. எனக்கு வந்தது விபி6 ரன்டைம் டிஎல்எல் இல்லன்னு. வைன்ட்ரிக்ஸ்ல (வைனுக்கு வேணும்ங்கற விண்டோஸ் லைப்ரரிய எடுத்துப் போடுற டூல்) விபி6ரன் போட்டேன், ஸ்க்ரீன் வந்துச்சு, ஆனா டேட்டாபேஸ் தொறக்கல. அதுக்கு ஜெட்40, எம்டேக்28னு மைக்ரோசாஃப்டோட டேட்டாபேஸ் லைப்ரரி ரெண்டும் வேணும், அது ரெண்டும் 32 பிட் பிரிஃபிக்ஸ்லதான் (வைன் தன் விண்டோஸ் ஃபைல வெச்சிருக்கிற ஃபோல்டர்) ஒழுங்கா உக்காரும், நான் போட்டிருந்தது 64. எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து. நடுவுல வைன 5.0க்கு ஏத்தலாம்னு போனா எஃப்ஆடியோன்னு ஒரு லைப்ரரி மின்ட்டுக்கு அடித்தளமா இருந்த அந்த உபுண்டுலயே கிடையாது, அத தனியா தேடி எடுத்துப் போட்டேன். அந்த வாரம் எப்படி போச்சுன்னு கேக்காதீங்க.

சரி ஓடுச்சு. ரிப்போர்ட் வந்துச்சு, பிரிண்ட் கூட போச்சு, பிரிண்டருக்கு விண்டோஸ் டிரைவர் எதுவும் வேணாம், லினக்ஸோட பிரிண்ட் சிஸ்டமான கப்ஸ்ல பிரிண்டர் செட் ஆயிருந்தா வைன் அதையே எடுத்துக்கும். சந்தோஷமா ஒரு மூணு வாரம் வேலை பாத்தேன்.

அதுக்கப்புறம் ரிப்போர்ட் எடுத்தா கணக்கு இடிக்குது. சில என்ட்ரிய காணோம், சிலது இன்னும் வராத மாசத்துல போய் உக்காந்திருக்கு. ஜூலை 5ன்னு போட்டது மே 7 ஆகியிருக்கு. சிஸ்டம் லொகேல் (மொழி, தேதி, எண் எப்படி வரணும்ங்கற செட்டிங்) அமெரிக்கன் இங்கிலீஷ்ல இருந்திருக்கு, வைன் அதப் பாத்து தேதி ஃபார்மேட்ட மாசம் முன்னாடி, நாள் பின்னாடின்னு வெச்சிருச்சு, ப்ரோகிராம் அதையே நம்பிருச்சு. இதுல கொடுமை என்னன்னா எல்லா தேதியும் மாறல. விபி ரொம்ப புத்திசாலி, 25/07ன்னு குடுத்தா 25வது மாசம்னு ஒண்ணு இல்லையேன்னு அதுவா திருப்பிப் போட்டு ஜூலை 25ன்னு சரியா எடுத்துக்கும், சத்தமே போடாது. அப்போ 12ஆம் தேதி வரைக்கும் போட்ட என்ட்ரி மட்டும் தலைகீழா போகும், 13க்கு மேல எல்லாம் சரியா இருக்கும். நான் ஆரம்பிச்சது மாச நடுவுல, மொத ரெண்டு வாரம் என்ட்ரி எல்லாம் 13க்கு மேல, கச்சிதமா இருந்துச்சு, எப்படிங்க சந்தேகம் வரும்? பில்லையும் ஸ்க்ரீனையும் பக்கத்துல வெச்சு ஒவ்வொண்ணா கையால திருத்தினேன், ரெண்டு ராத்திரி போச்சு.

தீர்வு ஒரே வரிதான், ஷார்ட்கட்டுல லொகேல பிரிட்டிஷ் இங்கிலீஷ்னு குடுத்து ஓட்டணும், அந்த லொகேல் சிஸ்டத்துல ஜெனரேட் ஆகியும் இருக்கணும், இல்லன்னா மதிக்காது. அதுல இருந்து எந்த ப்ரோகிராம் வைன்ல ஏறினாலும் தொறக்குதான்னு பாக்குறதோட விடமாட்டேன், தேதி, தசமப் புள்ளி, பிரிண்ட்ல மார்ஜின் இந்த மூணையும் பழைய அவுட்புட் ஒண்ணோட ஒப்பிட்டுப் பாத்துருவேன்.

அடுத்த தப்பு, எல்லாத்தையும் ஒரே பிரிஃபிக்ஸ்ல போட்டது. பிரிஃபிக்ஸ்னா வேற ஒண்ணுமில்ல, ஹோம்ல இருக்கிற டாட் வைன் ஃபோல்டர், அதுக்குள்ளயே ஒரு சி டிரைவ், ரெஜிஸ்ட்ரி எல்லாம் இருக்கும். வேற ஒரு சின்ன டூலுக்காக மைக்ரோசாஃப்டோட டாட்நெட் 4 போட்டேன், அது டாட்நெட்டுக்கு மாற்றா வைன் வெச்சிருந்த மோனோவ தூக்கிட்டு உக்காந்துச்சு, மறுநாள் நல்லா ஓடிட்டிருந்த இன்னொண்ணு தொறக்கல. அன்னைக்கு முடிவு பண்ணேன், ஒரு ப்ரோகிராமுக்கு ஒரு பிரிஃபிக்ஸ். டிஸ்க்ல இடம் தின்னும், தின்னட்டும். ஒழுங்கா ஓட ஆரம்பிச்ச உடனே அந்த ஃபோல்டர அப்படியே டார் போட்டு (ஒரே ஃபைலா கட்டி) வெச்சுருவேன், ஏதாவது கெட்டுப் போச்சுன்னா அழிச்சுட்டு அத விரிச்சாப் போதும், இது விண்டோஸ்ல கூட கிடைக்காத சொகம். இப்போ பாதிய பாட்டில்ஸ்ல, பிரிஃபிக்ஸ பாத்துக்கற ஒரு ஆப்ல, வெச்சிருக்கேன், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வைன் வெர்ஷன் குடுக்கலாம், நல்லாத்தான் இருக்கு. ஃப்ளாட்பேக்கா (தனி அடைப்புக்குள்ள ஓடுற பேக்கேஜ்) போட்டா மட்டும் உங்க மத்த ஃபோல்டர் பெரும்பாலும் அதுக்குக் கண்ணு தெரியாது, ஃப்ளாட்சீல்ங்கற டூல்ல அனுமதி குடுக்கணும். இது தெரியாம ஃபைல் எங்கடா போச்சுன்னு அரை நாள் தேடினவன் நான்.

இன்னொரு எரிச்சல், ஒரு நாள் சாதா டெக்ஸ்ட் ஃபைல கிளிக் பண்ணா வைனோட நோட்பேட் வந்து நிக்குது, படத்த கிளிக் பண்ணாலும் வைன்தான் எழுந்து வருது. கேக்காமலே ஃபைல் அசோசியேஷன் போட்டுக்கும் இது. வைன் செட்டிங்ஸ்ல டெஸ்க்டாப் இன்டெக்ரேஷன் டேப்ல அத எடுத்து விட்டுருங்க, மொத வேலையா பண்ணுங்க. அப்புறம் சூடோ போட்டு (அட்மின் அதிகாரத்தோட) வைன ஓட்டாதீங்க தயவு செஞ்சு, ஃபைல் எல்லாம் ரூட்ங்கற அட்மின் பேருக்குப் போயிரும்.

ஓடினது எது ஓடாதது எதுன்னு பாத்தா, பழசா இருக்கிறதுதான் பெட்டரா ஓடுது. நோட்பேட்++, இர்ஃபான்வியூ எல்லாம் விண்டோஸ்ல இருக்கிற மாதிரியேதான். 16 பிட் காலத்து ப்ரோகிராம் ஒண்ணு சும்மா ஆசைக்குப் போட்டேன், ஓடுச்சு, அத 64 பிட் விண்டோஸ்லயே ஓட்ட முடியாது, அந்த வசதிய அவங்க தூக்கியே ரொம்ப காலம் ஆச்சு. ஆஃபிஸ்ல 2010 எனக்கு நாலு வருஷம் ஓடுச்சு, மேக்ரோ உள்ள எக்ஸெல் ஷீட்டுக்காக மட்டும். புது ஆஃபிஸ் அக்கவுன்ட்ல லாகின் ஆகி ஆக்டிவேட் ஆகுற கட்டத்துலயே படுத்துருச்சு, அதோட விட்டுட்டேன், இப்போ ப்ரவுசர்லயே பாத்துக்கறேன். பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் வெச்சிருக்கிறவங்க, டிஸ்கி, பாமினி மாதிரி, அந்த ஃபான்ட் ஃபைல பிரிஃபிக்ஸ்ல விண்டோஸ் ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டுட்டுத் தொறங்க, சம்பந்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தா வர்றது சரியாயிடும்.

ஹார்ட்வேர்னு வந்தா கோடு ரொம்பத் தெளிவு. யூஎஸ்பி சீரியல் கேபிள்ல பேசற ஒரு மீட்டர் இருக்கு, அது சூப்பரா வேலை செய்யுது, ஏன்னா டிரைவர் வேலைய லினக்ஸே பாத்துக்குது, வைன் அந்த போர்ட்ட காம் நம்பரா மாத்திக் காட்டுது அவ்வளவுதான். நம்ம யூசர டயல்அவுட் க்ரூப்ல (சீரியல் போர்ட்ட தொட அனுமதி உள்ள க்ரூப்) சேக்க மறந்தா மட்டும் போர்ட்டே இல்லன்னு சொல்லும். ஆனா தனக்குன்னு சொந்த டிரைவர் கொண்டு வர்ற சாமான் இருக்கு பாருங்க, அது நடக்கவே நடக்காது. ஒரு சாதனத்தோட ஃபர்ம்வேர் (அதுக்குள்ளயே இருக்கிற சாஃப்ட்வேர்) அப்டேட் டூல் அழகா தொறந்துச்சு, சாதனத்த கண்டுபிடிக்கவே இல்ல, நானும் ரெண்டு நாள் அதோட மல்லுக்கட்டினேன், வைனுக்குக் கீழ டிரைவர் எல்லாம் போய் உக்கார்ற விண்டோஸ் கர்னல்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு மண்டைல ஏற அவ்வளவு நேரம். லைசன்ஸ் டாங்கிள் (யூஎஸ்பில மாட்டுற சாவி) போட்டு ஓடற சாஃப்ட்வேர் வெச்சிருக்கிறவங்களும் இத மனசுல வெச்சுக்கோங்க.

கேம்ஸ் நான் கம்மிதான். வால்வ் 2018ல, வைன வெச்சு கேம்ஸுக்காக செஞ்ச புரோட்டான கொண்டு வந்ததுக்கு அப்புறம் அவங்களோட ஸ்டீம் கேம் ஸ்டோர்ல இன்ஸ்டால் பட்டன அமுத்தறதோட சரி, விண்டோஸ் கேம் கிராஃபிக்ஸுக்காக டைரக்ட்எக்ஸ்கிட்ட கேக்குறத, அதுக்குள்ள இருக்கிற டிஎக்ஸ்விகே லினக்ஸுக்குப் புரியற வல்கனா மாத்திக் குடுத்துருது. கர்னல்ல போய் உக்கார்ற ஆன்டி சீட் (ஏமாத்தி ஆடறவங்கள பிடிக்கிற சாஃப்ட்வேர்) உள்ள ஆன்லைன் கேம் ஆடறவங்க மட்டும் லினக்ஸ் பக்கம் வராதீங்க, வாலரன்ட் எல்லாம் வராது. நான் பண்ண முட்டாள்தனம் ஒண்ணு, விண்டோஸோட என்டிஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் இருந்த பழைய டிஸ்க்லயே கேம் லைப்ரரிய வெச்சு ஓட்டினது. புரோட்டான் உள்ள போடுற சிம்லிங்க் (வேற இடத்தக் காட்டுற ஃபைல்) பேர்ல கோலன் வரும், அது அந்த ஃபைல்சிஸ்டத்துல வம்பாகும், கேம் தொறந்து தொறந்து மூடும். லினக்ஸோட ஈஎக்ஸ்டி4க்கு மாத்தினேன், முடிஞ்சது.

மத்ததுக்கு எல்லாம் விர்ச்சுவல் மிஷின், அதாவது லினக்ஸுக்குள்ளயே ஒரு முழு விண்டோஸ். விர்ட் மேனேஜர்ல ஒரு விண்டோஸ் வெச்சிருக்கேன், 16 ஜிபி ராம்ல 6 ஜிபி அதுக்கு. மொத தடவ இன்ஸ்டால் பண்ணப்போ டிஸ்க்கே காட்டல, விர்ட்ஐஓ டிரைவர் (விர்ச்சுவல் டிஸ்க்குக்கான டிரைவர்) இருக்கிற ஐஎஸ்ஓவையும் சேத்து மாட்டி அதுக்குள்ள இருந்து டிரைவர லோட் பண்ணணுமாம், யாரும் சொல்லல. அந்த ஃபர்ம்வேர் டூல் கடைசில இதுக்குள்ளதான் வேலை செஞ்சது, யூஎஸ்பிய அப்படியே உள்ள தள்ளிவிட்டா போதும். மாசத்துல ஒரு நாள் ரெண்டு நாள் தொறப்பேன், ஒவ்வொரு தடவையும் அது அப்டேட் ஓட்டி முடிக்கிற வரைக்கும் நான் வேற வேலை பாத்துட்டு வருவேன்.

பாதுகாப்பு பத்தி ஒண்ணு. லினக்ஸ்தானே, வைரஸ் என்ன பண்ணும்னு கண்டத டவுன்லோட் பண்ணி வைன்ல ஓட்டாதீங்க. வைன் ஒண்ணும் வேலி கிடையாது. இசட் டிரைவ்னு உங்க மொத்த ஃபைல்சிஸ்டமும் அதுக்குத் தெரியும், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் உங்க நிஜ ஃபோல்டருக்குப் போற லிங்க்குதான். உங்களால அழிக்க முடியற எதையும் அந்த இஎக்ஸ்இயாலயும் அழிக்க முடியும்.

இப்போ நிலவரம், ஆரம்பத்துல பதினொரு விண்டோஸ் ப்ரோகிராம் வெச்சிருந்தேன், மிச்சம் இருக்கிறது மூணு. ஸ்டாக் ப்ரோகிராம், மீட்டரோடது, இர்ஃபான்வியூ. மத்ததெல்லாம் ஓடாம போகல, தானா தேவையில்லாம போயிடுச்சு. ஸ்டாக் ப்ரோகிராம்தான் இப்போ கவலை. 2019ல உபுண்டு 32 பிட் பேக்கேஜ தூக்கப் போறோம்னு சொல்லி, கூச்சல் கிளம்பினதும் பின்வாங்கினாங்க. வைன் 9.0ல, 2024 ஜனவரில, 32 பிட் லினக்ஸ் லைப்ரரி இல்லாமலே 32 பிட் இஎக்ஸ்இய ஓட்டுற புது வாவ்64 வழி ரெடியாச்சு, நல்ல விஷயம்தான், ஆனா ஆர்ச்ங்கற இன்னொரு லினக்ஸ் 2025 ஜூன்ல முழுசா அதுக்கு மாறினப்போ பழைய 32 பிட் பிரிஃபிக்ஸ் எல்லாத்தையும் திரும்ப உருவாக்கிக்கோங்கன்னு சொல்லிட்டாங்க. என்னோடது அசல் 32 பிட் பிரிஃபிக்ஸ், ஜெட்40 அதுக்குள்ள. மின்ட்ல இருக்கிறதால இப்போதைக்கு தப்பிச்சேன், வைன் பேக்கேஜ அப்டேட் ஆகாம ஹோல்டுல போட்டு வெச்சிருக்கேன். ஒரு காப்பி எடுத்து 64 பிட் பிரிஃபிக்ஸ்ல ஜெட்40 போட்டுப் பாத்தேன், டேட்டாபேஸ் தொறக்குது, ஆனா ரிப்போர்ட்ல போய் க்ராஷ். யாராவது விபி6 கூட எம்டிபி உள்ள ப்ரோகிராம புது வாவ்64ல ஒழுங்கா ஓட வெச்சிருந்தா என்னென்ன போட்டீங்க, எந்த வரிசைல போட்டீங்கன்னு சொல்லுங்க, புண்ணியமா போகும்.