அப்பாவின் பத்திரங்களும் இமேஜ்மேஜிக்கும்

அப்பா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் கிரயப் பத்திரம், தீர்வை ரசீது என்று ஒரு கட்டுக் காகிதம். எல்லாவற்றையும் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக, ஸ்கேன் செய்தேன். ஒரு ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளிகள். வண்ணத்தில், சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, குரூப் 4 முறையில் சுருக்கிய டிஃப் (TIFF) படக் கோப்பாக மாற்ற இமேஜ்மேஜிக்கைப் பயன்படுத்தினேன். படங்களை மாற்றித் தரும் இலவச மென்பொருள் அது, ஒரே கட்டளையில் முழு ஃபோல்டரும் முடிந்துவிடுகிறது.

குரூப் 4 ஃபேக்ஸுக்காக 1984இல் வந்த தரம். மேல் வரியில் கறுப்பு எங்கே தொடங்கியது, இந்த வரியில் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். சுருக்கும்போது ஒரு புள்ளிகூட இழப்பில்லை. தட்டச்சுப் பக்கங்கள் பல 50 கேபிக்குள் அடங்கின.

இழப்பு அதற்கு முந்தைய படியில்தான். கறுப்பா வெள்ளையா என்று பிரிக்கும் வெளிச்ச எல்லையை முதலில் 50 சதவீதம் வைத்தேன்; அதைவிட இருண்டது கறுப்பு, மற்றது வெள்ளை. மங்கிய மையில் மெய்யெழுத்துப் புள்ளிகள் காணாமல் போயின. ‘கல்’ என்பது ‘கல’ ஆகி நின்றது, மனசு பதறிவிட்டது. 65க்கு ஏற்றினேன், புள்ளி திரும்பியது. ஆனால் மடிப்புக் கறையும் கறுத்தது. அப்புறம், சுற்றியுள்ள புள்ளிகளோடு ஒப்பிட்டுப் பிரிக்கும் வசதியைப் போட்டதும் எழுத்து தெளிந்தது, கறை விலகியது.

இமேஜ்மேஜிக்கில் கறுப்பு வெள்ளையாக்க உள்ள மோனோக்ரோம் தேர்வை மட்டும் எழுத்துப் பக்கத்துக்குப் போடாதீர்கள். பொடிப் புள்ளிகளைத் தூவி, கோப்பைப் பெருக்கிவிடும். முத்திரையும் கைரேகையும் உள்ள பக்கங்களை நான் வண்ணத்திலேயே விட்டுவிட்டேன்.