ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் "சுகர் ரிவர்சல்" பேக்கேஜ் விக்கிறாங்க, உஷாரா இருந்துக்கோங்க

வீட்ல யாருக்காச்சும் முப்பது வயசுக்குள்ள சுகர் வந்து, ஆளும் ஒல்லியா இருந்து, கூடவே அடிக்கடி வயித்து வலின்னும் சொல்லிட்டு இருந்தா, சுகர மாத்திரை இல்லாம சரி பண்றோம்னு சொல்ற எந்த ரிவர்சல் சென்டருக்கும் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிச்சுருங்க. நீளமாத்தான் வரும், கோவத்துல டைப் பண்றேன், பொறுத்துக்கோங்க.

என் தம்பிக்கு 27 வயசு. நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறைல வெல்டிங் வேலை. சின்ன வயசுல இருந்தே எலும்பும் தோலுமாத்தான் இருப்பான், என்ன சாப்பிட்டாலும் உடம்புல ஒட்டாது. அப்பா வழி அம்மா வழி ரெண்டுலயும் யாருக்கும் சுகர் கிடையாது. ஸ்கூல் படிக்கிறப்பவே அப்பப்ப மேல்வயித்துல வலி வந்து முதுகு வரைக்கும் இழுக்கும், முட்டியக் கட்டிக்கிட்டு குனிஞ்சு உக்காந்துக்குவான், அப்படி உக்காந்தாத்தான் கொஞ்சம் தணியும்பான். ஒவ்வொரு தடவையும் "கேஸ்தான், நேரத்துக்கு சாப்பிடு"ன்னு மாத்திரை எழுதி அனுப்பிருவாங்க. அப்புறம் போன வருஷம் ராத்திரி நாலஞ்சு தடவ எந்திரிச்சு யூரின் போறது, தண்ணி தண்ணின்னு கேக்குறது, பட்டறைல கண்ணு இருட்டுறதுன்னு ஆகி, பக்கத்து லேப்ல டெஸ்ட் எடுத்தா சாப்பிட்டப்புறம் 400க்கு மேல, மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி 11 தாண்டி இருந்துச்சு. கிளினிக்ல டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்தாரு, "டைப் 2, இப்பல்லாம் சின்னப் பசங்களுக்கே வருது"ன்னாரு, மெட்பார்மினும் கிளிமிபிரைடும் எழுதுனாரு. அவ்ளோதான்.

மாத்திரை போட்டும் சுகர் எறங்கல. அப்பத்தான் அந்த சென்டர் விளம்பரம் போன்ல வந்துச்சு. பேர் போடல, போட்டா என் மேலயே கேஸ் போடுவாங்க, ஆனா இந்த மாதிரி கடை இப்ப எல்லா ஊர்லயும் இருக்கு, வீடியோவுல ஒருத்தர் வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு மாத்திரைய குப்பைத் தொட்டில போடுவாரே, அந்த ரகம். தம்பி நம்பரக் குடுத்த அன்னைக்கே "ஹெல்த் கோச்"னு ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. நான்தான் பேசுனேன். "அக்கா, இன்சுலின் மட்டும் ஆரம்பிச்சுராதீங்க, ஒருக்கா போட்டா சாகுற வரைக்கும் விட முடியாது, நாங்க வேர்லயே சரி பண்ணிருவோம்"னு அவ்ளோ கனிவாப் பேசுச்சு. ஆறு மாச பேக்கேஜ் 42,000, இஎம்ஐ வசதியும் உண்டு. டாக்டர்னு ஒருத்தர் வீடியோ கால்ல வந்து, உயரம் எவ்ளோ எடை எவ்ளோன்னு கூட கேக்காம, "ஸ்ட்ரெஸ் இருக்கா தம்பி"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அவரு என்ன படிச்சவருன்னு கேட்டதுக்கு கடைசி வரைக்கும் பதில் வரல.

அவங்க குடுத்த டயட் என்னன்னா அரிசி, இட்லி, பழம் எதுவும் தொடக்கூடாது, அதுக்குப் பதிலா மூணு வேளையும் முட்டை, பன்னீர், வெண்ணெய், கைநிறைய பாதாம், காலைல வெறும் வயித்துல தேங்காய் எண்ணெய் ரெண்டு ஸ்பூன். கூட அவங்களே பாக்கெட் போட்ட ஒரு மூலிகைப் பொடி. இதுல இருந்துதான் அவனுக்கு நரகம் ஆரம்பிச்சுது. வலி வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ வர ஆரம்பிச்சுருச்சு. வெளிக்குப் போனா வெளிறிப்போய் எண்ணெய் படலத்தோட மிதக்கும், எத்தன தடவ தண்ணி ஊத்துனாலும் போகாது, நாத்தம் தாங்க முடியாது. அருவருப்பா இருக்கும், தெரியும், ஆனா நோயே அங்கதான் தெரிஞ்சுது, அதனாலதான் எழுதுறேன். இதைக் கூச்சப்பட்டுக்கிட்டே கோச்சுகிட்ட சொன்னதுக்கு வாட்ஸ்அப்ல என்ன பதில் வந்துச்சு தெரியுமா, "சூப்பர் பிரதர், உடம்புல தேங்குன கொழுப்பு கரைஞ்சு வெளிய வருது, கரெக்டான பாதைல போறீங்க". அந்த ஸ்க்ரீன்ஷாட்ட இன்னும் வச்சிருக்கேன்.

52 கிலோ இருந்தவன் 44க்கு வந்துட்டான். வேற எங்கயா இருந்தாலும் பயந்திருப்பாங்க. இவங்க அவன் போட்டோவ ரெண்டு பக்கமா ஒட்டி, "8 கிலோ குறைச்ச எங்க ஹீரோ"ன்னு குரூப்ல போட்டு, நானூறு பேரு கைதட்டுற ஸ்டிக்கர் அனுப்பி... கன்னம் ஒட்டி தோள்பட்டை எலும்பு துருத்திக்கிட்டு நிக்கிற பையனோட போட்டோ அது. பாக்குற ஒருத்தருக்குக் கூடவா உறுத்தல?

அம்மாதான் "இனி அந்தப் பொடியத் தொட்டா நான் சாப்பிட மாட்டேன்"னு ஒரே பிடியா நின்னாங்க. பட்டறை முதலாளி தெரிஞ்சவங்க மூலமா கோயமுத்தூர்ல ஒரு எண்டோகிரைனாலஜிஸ்ட்ட, அதாவது ஹார்மோன், சுகர் ஸ்பெஷலிஸ்ட்டப் பாக்க ஏற்பாடு பண்ணுனாரு. இங்க ஒண்ணு சொல்லணும். போர்டுல டயபட்டாலஜிஸ்ட்னு போட்டிருக்கிற எல்லாரும் ஒரே படிப்பு கிடையாது, எம்பிபிஎஸ் முடிச்சு சின்னதா ஒரு கோர்ஸ் பண்ணவங்களும் அப்படிப் போட்டுக்கிறாங்க, எம்டி முடிச்சு அதுக்கு மேல டிஎம் எண்டோகிரைனாலஜி படிச்சவங்களும் இருக்காங்க. சாதாரண சுகருக்கு முன்னவங்களே போதும், அதுலயும் தங்கமான டாக்டருங்க இருக்காங்க. நம்ம கேஸ் கணக்குக்கு ஒத்துவரலன்னா டிஎம் படிச்சவங்களத் தேடுங்க. பெரிய கவர்மென்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல சில இடத்துல இந்தப் பிரிவு இருக்கு, அங்க ஃபீஸ் ஒண்ணும் பெருசா ஆகாது.

அந்த டாக்டரம்மா ரிப்போர்ட் ஃபைல ஓரமா வச்சுட்டு மொதல்ல அவனப் படுக்க வச்சு வயித்த அமுக்கிப் பாத்தாங்க. இத்தன நாளா அவன் வயித்துல ஒரு டாக்டரும் கைய வச்சதில்ல! வலி முதுகுக்குப் போகுதா, குனிஞ்சா குறையுதா, மலம் மிதக்குதா, எண்ணெய் தெரியுதான்னு வரிசையாக் கேட்டாங்க, அவன் என்னப் பாக்குறான், நான் அவனப் பாக்குறேன், பக்கத்துல இருந்து பாத்தவங்க மாதிரி கேக்குறாங்களேன்னு. உடனே வயித்துக்கு ஒரு சாதா எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. ஸ்கேன் கூட இல்லீங்க, வெறும் எக்ஸ்ரே, முன்னூத்தம்பது ரூபா. படத்த வெளிச்சத்துல மாட்டி விரல வச்சுக் காட்டுனாங்க, முதுகெலும்புக்குக் குறுக்கால ரெண்டு பக்கமும் நொய்யரிசியத் தெளிச்சு விட்டாப்புல வெள்ளை வெள்ளையா. எல்லாம் கணையத்துல இருக்கிற கால்சியம் கல்லு.

இதுக்குப் பேரு ஃபைப்ரோ கால்குலஸ் பேன்கிரியாட்டிக் டயபடிஸ், சுருக்கமா எஃப்சிபிடி. கணையத்துல வருஷக்கணக்கா புண்ணாகி, தழும்பாகி, குழாய்ல கல்லு சேந்து, கடைசில இன்சுலின் சுரக்குற பகுதியும் கெட்டுப்போய் வர்ற சுகர். கொழுப்ப செரிக்க வைக்கிற என்சைமும் அதே கணையத்துல இருந்துதான் வரணும், அது வராததால சாப்பிட்ட நெய்யும் வெண்ணெயும் அப்படியே வெளிய வந்துருக்கு. அதாவது கொழுப்ப செரிக்கவே முடியாத ஒருத்தனுக்கு காலைல தேங்காய் எண்ணெய் குடிக்கக் குடுத்திருக்காங்க, அதுக்கு 42,000 ரூபா.

இது ஏதோ உலகத்துல இல்லாத நோயும் இல்ல. 1959ல இந்தோனேசியாவுல ஜூய்டெமான்னு ஒரு டாக்டர் எழுதுனாரு, அதுக்கப்புறம் கேரளாவுல டாக்டர் கீவர்கீஸ் 60கள்லயே ஏகப்பட்ட பேர இதே நோயோட பாத்து எழுதி வச்சிருக்காரு, சென்னைல டாக்டர் வி. மோகன் குழுவும் இதப்பத்தி வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. நம்ம ஊருப் பக்கத்து நோய், நம்ம ஊரு டாக்டருங்களே விவரமா எழுதி வச்சது. இப்ப முன்ன அளவுக்கு வர்றதில்லயாம், அதனால யாருக்கும் ஞாபகமே வர்றதில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

சொந்தக்காரங்க வாய அடைக்கத்தான் முடியல. கணையம்னு சொன்னதும் "பையன் குடிப்பானா"ன்னு ஒரு கேள்வி. அவன் வாழ்க்கைல தொட்டதில்ல. டாக்டரே சொன்னாங்க, இந்த வகைக்கு குடி காரணமே இல்ல, ஸ்பிங்க்1னு ஒரு ஜீன்ல வர்ற மாற்றம் நெறைய பேருக்கு இருக்குன்னு. இன்னொரு கோஷ்டி குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, தின்னதாலன்னு. ராசிபுரம் சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு இல்லாத வீடு ஏது? அப்படி ஒரு சந்தேகம் டாக்டருங்களுக்கே ஒரு காலத்துல இருந்துச்சாம், அதுல இருக்கிற சயனைடு சத்துதான் காரணமோன்னு, ஆனா கிழங்கே திங்காதவங்களுக்கும் வருது, தின்னுட்டே இருக்கிறவங்களுக்கு வர்றதில்ல, அதனால அது நிக்கல. அம்மா இதைக் கேட்டு அன்னைக்குத்தான் நிம்மதியா தூங்குனாங்க, கிழங்கு அவிச்சுக் குடுத்தது நானாச்சேன்னு உள்ளுக்குள்ளயே மருகிட்டு இருந்திருக்காங்க.

கூடவே சி பெப்டைட், காட் ஆன்டிபாடின்னு ரெண்டு ரத்த டெஸ்ட். சி பெப்டைட் உடம்பு சொந்தமா எவ்ளோ இன்சுலின் சுரக்குதுன்னு காட்டும், இவனுக்கு ரொம்பக் கம்மி. காட்ங்கிறது உடம்போட எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்குற பகுதியத் தாக்குதான்னு பாக்குறது, அது நெகட்டிவ். அது பாசிட்டிவ்வா இருந்தா பெரும்பாலும் டைப் 1, இல்லன்னா பெரியவங்களுக்கு மெதுவா வர்ற லாடா. அதுவும் ஒல்லி ஆளுங்களுக்கு வந்து டைப் 2ன்னு தப்பா முத்திரை குத்துற இன்னொரு வகைதான். இதுக்கு நேர் எதிரா மோடி (MODY)ன்னு ஒரு பரம்பரை சுகர் இருக்கு, தாத்தா அப்பா பையன்னு தலைமுறை தலைமுறையா சின்ன வயசுலயே வரும், ஜீன் டெஸ்ட் பண்ணா தெரிஞ்சுரும், அதுல சில வகைக்கு சின்ன மாத்திரையே போதும், தெரியாம வருஷக்கணக்கா ஊசி போட்டுட்டு இருப்பாங்க. ஆக டைப்பு தெரியாம மருந்து எழுதுறது ரெண்டு பக்கமும் கெடுதல்.

நியாயமா ஒண்ணு சொல்லிடுறேன், ரிவர்சலே பொய்னு நான் சொல்ல வரல. 2017ல பிரிட்டன்ல டைரக்ட்னு ஒரு ஆய்வு வந்துச்சு, எடை குறைச்சதால ஒரு வருஷத்துல 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் அடங்குச்சு. ஆனா அவங்கல்லாம் உடம்பு எடை அதிகமா இருந்து, சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள்ள இருக்கிற டைப் 2 ஆளுங்க. 52 கிலோ பையன்கிட்ட குறைக்க என்னங்க இருக்கு?

இப்ப அவன் இன்சுலின் போடுறான், ஒவ்வொரு வேளையும் சாப்பிடுறப்ப சாப்பாட்டோடயே என்சைம் கேப்சூல் போடுறான். மலம் மிதக்குறது ஒரு வாரத்துலயே நின்னுருச்சு. 49 கிலோ வந்துட்டான், அரிசிச்சோறு அளவா சாப்பிடுறான். கேப்சூல்தான் விலை அதிகம், இன்சுலின் ஜிஹெச்ல இலவசமாக் கெடைக்குது. சுகர் ஏறாம தடுக்குற வேகத்துல திடீர்னு எறங்கிரவும் கூடாது, இந்த வகைல சுகர ஏத்துற ஹார்மோனும் கணையத்துல அடி வாங்கிருக்கும், அதனால பட்டறைல சட்டைப் பாக்கெட்ல எப்பவும் குளுக்கோஸ் பாக்கெட். கல்லு அடைச்சிருக்கிற குழாய்க்கு கேஸ்ட்ரோ டாக்டர் தனியாப் பாக்குறாரு. கணையத்துல கேன்சர் வர்ற வாய்ப்பும் மத்தவங்கள விட அதிகம், வருஷா வருஷம் செக்கப் விடக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிருக்காங்க. அதைக் கேட்டுட்டு வந்த ராத்திரி வீட்ல யாரும் சரியா பேசிக்கல.

பணம் கேட்டுப் போன் பண்ணா அதே கோச் பொண்ணு, "பேஷண்ட் டயட்ட ஃபாலோ பண்ணல, பாலிசிப்படி ரீஃபண்ட் கிடையாது". அவன் போட்டோவ எடுங்கன்னு சொன்னா "நீங்க ஜாயின் பண்றப்பவே கன்சென்ட் குடுத்திருக்கீங்க". இஎம்ஐ மட்டும் மாசாமாசம் கரெக்டாப் புடிக்கிறாங்க.

சும்மா விடப்போறதில்ல. விசாரிச்சதுல தெரிஞ்சது, சுகர குணப்படுத்துவோம்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதே 1954ம் வருஷ மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்துப்படி குற்றம், அந்தச் சட்டத்தோட பட்டியல்லயே நீரிழிவு பேரு இருக்கு. காசு வாங்கிப் பண்ற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு குடுக்கணும், மொதல்ல 1915க்கு போன் பண்ணியும் புகார் பதியலாம். வைத்தியம் பாத்த டாக்டர்கிட்ட நம்ம ரெக்கார்ட எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு மெடிக்கல் கவுன்சில் விதி இருக்கு, நாங்க பதிவுத் தபால்ல கேட்டிருக்கோம், அவங்க வாங்குனதுக்கான ஒப்புகை கார்டு வந்துருச்சு, பதில் வரல. சாட், பில்லு, பொடி பாக்கெட், ரெண்டு போட்டோ, எக்ஸ்ரே எல்லாம் தேதி போட்டு ஒரே ஃபைல்ல வச்சாச்சு.

அடுத்த வாரம் மாவட்ட சுகாதார இணை இயக்குநர் (ஜேடி) ஆபீஸ்லயும் கிளினிக் பதிவு இருக்கான்னு கேட்டு மனு குடுக்கப் போறோம். நாமக்கல், சேலம், ஈரோடு பக்கம் யாராச்சும் இதே மாதிரி சென்டர்ல பணம் கட்டி ஏமாந்திருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, தனித்தனியாப் போறதுக்கு சேந்து மனு குடுப்போம். வாட்ஸ்அப் சாட்ட மட்டும் டெலிட் பண்ணிறாதீங்க.