பேக்கரட் சொல்லித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால்

பேக்கரட் என்ற கேசினோ சீட்டாட்டத்தில் புதிதாக வருபவர் கற்றுக்கொள்ள வேண்டியது பத்து நிமிட விஷயம். நான் அதற்கு மூன்று வாரப் பயிற்சி என்று கட்டணம் கட்டினேன். கட்டணத்தோடு தொலைந்திருந்தால் இதை எழுதவே வந்திருக்க மாட்டேன்.

முதலில் அந்தப் பத்து நிமிடத்தை இங்கேயே சும்மா தந்துவிடுகிறேன். வழக்கமாக 8 கட்டு, அதாவது 416 சீட்டு. பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம். இரண்டும் வெறும் பெயர்தான். பிளேயர் என்றால் நீங்கள் இல்லை, பேங்கர் என்றால் கேசினோவும் இல்லை. (பேங்கர் மேல் கட்டினால் முதலாளி பக்கம் சேர்ந்துவிட்டோம் என்று முதல் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.) ஏஸ் 1, பத்தும் படச் சீட்டுகளும் பூஜ்யம், மற்றவற்றுக்கு அதனதன் எண். கூட்டினால் வருவதில் கடைசி இலக்கம் மட்டும் கணக்கு. 7-ம் 8-ம் சேர்ந்தால் 15 இல்லை, 5. 9-க்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ அது ஜெயித்தது. முதல் இரண்டு சீட்டிலேயே ஏதாவது ஒரு பக்கம் 8 அல்லது 9 வந்துவிட்டால் ஆட்டம் அதோடு முடிந்தது. இல்லையென்றால் மூன்றாவது சீட்டு உண்டா என்பதை விதி அட்டவணை முடிவு செய்யும்; உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். சீட்டு விழும் முன் எந்தப் பக்கம் காசு வைப்பது என்பது மட்டும்தான் உங்கள் கையில்.

இதில் மூன்று வாரம் எப்படி ஓட்டினார் அந்த 'மாஸ்டர்'?

முதல் வாரம் முழுக்க கட்டம் போட்ட தாள். முந்தைய முடிவுகளைச் சிவப்பு, நீல வட்டங்களாக வரைந்து அதில் 'வழி' பார்ப்பது. பிக் ரோடு, ஸ்மால் ரோடு, காக்ரோச் ரோடு என்று பெயர்கள் வேறு. இந்தப் பலகைகள் பெரும்பாலான பேக்கரட் மேஜைகளில் உண்டு, கேசினோவே திரையில் போட்டுக் காட்டும். அதில் நிஜமாகவே வழி தெரிந்தால் அவர்கள் ஏன் காட்டப்போகிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வட்டங்கள் அவ்வளவு அழகாக இருந்தன.

நடுவில் ஒருநாள் பிரபல போக்கர் ஆட்டக்காரர் ஃபில் ஐவியின் பெயரைச் சொன்னார். "இந்த ஆட்டத்தை வெல்ல முடியாதுன்னு யார் சொன்னா ப்ரோ? ஐவி லண்டன்ல அள்ளினார்." மீதியைப் பிறகு நானே தேடிப் படித்தேன். 2012-ல் ஐவி வட்டத்தையெல்லாம் பார்க்கவில்லை. சீட்டின் முதுகு டிசைன் விளிம்பில் ஒரே அளவாக வெட்டப்படாததைக் கவனித்து, அடுத்த முறை முதுகைப் பார்த்தே அடையாளம் தெரிவதற்காக முக்கியமான சீட்டுகளை டீலரையே திருப்பி வைக்கச் செய்தார். கேசினோ அந்த 77 லட்சம் பவுண்டைத் தர மறுத்தது. 2017-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் அது ஏமாற்று என்றுதான் தீர்ப்பளித்தது. காசு கைக்கு வரவேயில்லை.

இரண்டாவது வாரம் 'மீட்புத் திட்டம்'. தோற்றால் இரட்டிப்பாக்கு: 1 சிப் (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லை), 2, 4, 8, 16, 32. ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பி வரும், அதுவும் பேங்கர் மேலேயே கட்டு என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பேங்கர் ஜெயித்தால் 5 சதவீதம் கமிஷன் பிடிப்பார்கள் என்பது மட்டும் அவர் தாளில் எங்கேயும் இல்லை. ஐந்து தடவை தோற்றால் போனது 31 சிப். ஆறாவதில் 32 வைத்து ஜெயித்தேன். வந்தது 30.4. ஜெயித்தும் 0.6 சிப் நஷ்டம்! அந்த இரவு இதை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன், கூட்டல் சரியாகத்தான் இருந்தது. இன்னொரு இரவு ஆறும் தோற்றன, போனது 63. அடுத்து 64 வைக்கலாம் என்றால் மேஜையின் உச்ச வரம்பு 50. டையை (இரண்டு பக்கமும் சமமாக முடிவதை) விட்டுவிட்டுப் பார்த்தால், பேங்கர் தொடர்ந்து ஆறு முறை தோற்பது சுமார் 70-ல் ஒரு வாய்ப்பு. ராத்திரிக்கு ராத்திரி உட்காருபவனுக்கு அது அபூர்வமே இல்லை.

'டை' மேல் கட்டச் சொல்லி உசுப்பேற்றியதும் அவர்தான். எட்டு மடங்கு கிடைக்குமாம். கேசினோவின் அனுகூலம், அதாவது கட்டும் காசில் சராசரியாக அவர்களுக்குப் போகும் பங்கு, பேங்கரில் 1.06 சதவீதம், பிளேயரில் 1.24, டையில் 14.36. இந்த மூன்று எண்களைத்தான் அவர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் 'சிக்னல்' குழு. அடுத்து பேங்கரா பிளேயரா என்று நேரலை ஆட்டத்தின் போது செய்தி வரும். நாலைந்து தொடர்ந்து பலித்ததும் நான் அவரைக் கடவுளாகவே நினைத்துவிட்டேன். தற்செயலாக இன்னொரு மாணவரிடம் பேசியபோதுதான் குட்டு உடைந்தது. அதே நாள், அதே சுற்று: எனக்கு 'பேங்கர்', அவருக்கு 'பிளேயர்'. இரண்டு குழு வைத்திருக்கிறார். எது பலிக்கிறதோ அந்தக் குழுவில் வாழ்த்து மழை, மற்றதில் "இன்னைக்கு மார்க்கெட் சரியில்லை". சீட்டாட்டத்துக்கு ஏது மார்க்கெட்?

சரி, இவருக்கு இதில் என்ன லாபம், கட்டணம் மட்டும்தானா என்று யோசித்தேன். எங்களை அவர் கொடுத்த இணைப்பு வழியாகத்தான் ஆன்லைன் கேசினோவில் சேரச் சொன்னார். அந்தத் தளத்தின் பங்காளிகள் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: அழைத்து வந்தவர்கள் தோற்கும் தொகையில் ஒரு பங்கு, அழைத்து வந்தவருக்கு. எனக்குப் பாடம் நடத்தியவருக்கு நான் தோற்றால்தான் வருமானம்.

மிச்சத்தை எடுத்துக்கொண்டு வெளியேறலாம் என்றால் 'வரவேற்பு போனஸ்' காலைச் சுற்றிக்கொண்டது. 100 சிப் போனஸுக்கு 30 மடங்கு, அதாவது 3,000 சிப் பந்தயம் கட்டி முடித்தால்தான் பணம் எடுக்கலாம். பேக்கரட் பந்தயம் அதில் 10 சதவீதம்தான் கணக்காகுமாம். ஆக 30,000 சிப் கட்ட வேண்டும். பேங்கரிலேயே கட்டினாலும் சராசரியாக 318 சிப் போகும். 100 சிப் இனாமுக்கு! நிபந்தனைகள் எல்லாம் தளத்தில் இருந்தன. நான் படிக்கவில்லை, அது என் தப்பு. "போனஸ் பட்டனை அழுத்தாம விடாதீங்க" என்று சொன்னது அவர்.

கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஒழுக்கம் இல்லாம ஆடினா நான் என்ன பண்றது?" என்று பதில் வந்தது. அப்புறம் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்.

போன வாரம் வேறொரு எண்ணிலிருந்து ஒரு செய்தி. கேசினோவில் இழந்த பணத்தை மீட்டுத் தருவார்களாம், முன்பணம் கொஞ்சம் கட்ட வேண்டுமாம். நான் எத்தனை சிப் இழந்தேன் என்பதை அவர்கள் சரியாகவே எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கை நான் மாஸ்டரைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை.