உள்நாட்டு பட்ஜெட் விமானம்: காலையில் ஒரு சரக்கு, மாலையில் வேறு சரக்கு

சென்னையிலிருந்து டெல்லிக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும் குறைந்த கட்டண எக்கானமியில் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே பண்டம்தான். கம்பெனி பெயரும் சீருடை நிறமும் மாறும். 7 கிலோ கைப்பை, பெரும்பாலும் 15 கிலோ பெட்டி, முட்டி இடிக்கும் இருக்கை, காசு கொடுத்தால் சாப்பாடு என்பதில் பெரிய மாற்றம் இருக்காது. ஆகவே எந்த கம்பெனி என்பதைவிட எந்த நேரத்து விமானம் என்பதே முக்கியம். காலை முதல் விமானம் கொடுத்த காசுக்குத் தகும். இரவு எட்டு மணி விமானத்தை வாங்கினால், அது காலையிலிருந்து போய்வந்த ஊர்களின் தாமதத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

காரணம் எளிது. ஒரு ஏ320 விமானம் நாளைக்கு ஐந்தாறு முறை பறந்தால்தான் இந்தக் கட்டணம் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும். இறங்கியதற்கும் மறுபடி கிளம்புவதற்கும் நடுவில் அரை மணி நேரம்போலத்தான் வைத்திருப்பார்கள். அதற்குள் 180 பேர் இறங்கி, பெட்டிகள் இறங்கி, உள்ளே கூட்டிப் பெருக்கி, எரிபொருள் நிரப்பி, அடுத்த 180 பேர் ஏற வேண்டும். காலையில் டெல்லிப் பனியில் நாற்பது நிமிடம் போனால் அதை மீட்க அன்று முழுக்க இடமே கிடைக்காது. விமானத் தொழிலில் தாமதத்துக்கெல்லாம் எண் உண்டு: 41 பழுது, 72 போய்ச்சேரும் ஊரின் வானிலை, 93 முந்தைய ஊரிலிருந்தே விமானம் தாமதமாக வந்தது. மாலைப் பயணிகளை வாட்டுவது பெரும்பாலும் இந்த 93தான். ஆனால் ஒலிபெருக்கியில் எல்லாமே ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ ஆகிவிடும்.

இருபது நிமிடம், பிறகு நாற்பது நிமிடம் என்று தவணை முறையில் அறிவிக்கிறார்களே, அதில்தான் பாதிப் பேருக்குக் கோபம் ஏறுகிறது. கேட்டில் நிற்கும் பெண்ணைத் திட்டிப் பயனில்லை. நேரத்தை முடிவு செய்வது வேறு ஊரில் உள்ள கட்டுப்பாட்டு அறை. திரையில் வருவதை அவர் வாசிக்கிறார், அவ்வளவே. பல நிலையங்களில் அவர் விமான கம்பெனியின் ஊழியர்கூட இல்லை, தரைப்பணி ஒப்பந்தத்தில் வந்தவர். ‘எப்போது கிளம்பும்?’ என்பதற்கு அவரிடம் பதில் இருக்காது. ‘எங்களை ஏற்றப்போகும் விமானம் இப்போது எங்கே இருக்கிறது?’ என்று கேளுங்கள், அதற்கு இருக்கும். ஃப்ளைட்ரேடார்24 செயலியில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அது இன்னும் கொல்கத்தாவை விட்டே கிளம்பவில்லை என்றால், திரை என்ன சொன்னாலும் நிம்மதியாகப் போய் டீ குடியுங்கள். (சென்னை விமான நிலையத்தில் 2025 பிப்ரவரியில் திறந்த உடான் யாத்ரி கஃபேயில் டீ 10 ரூபாய், காபி 20 ரூபாய். மற்ற கடைகளின் விலையைப் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் ருசிக்கும்.)

தாமதம் நீண்டால் விமானிகளின் பணி நேரம் தீர்ந்துவிடுவதும் உண்டு. மேற்கொண்டு பறப்பது சட்டப்படி தவறு, ஆகவே கேப்டன் மறுத்தால் அது வீம்பு அல்ல. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கங்களைக் குறைத்த புதிய விதி 2025 நவம்பரில் முழுமையாக வந்தது. அதற்கேற்ற ஆளும் அட்டவணையும் இல்லாததால் டிசம்பர் 5 அன்று மட்டும் இண்டிகோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. திட்டமிட்டவர்கள் அலுவலகத்தில் இருந்தார்கள். வசவு வாங்கியது கவுண்டர் பிள்ளைகள். வாய்ச்சண்டை எல்லை மீறினால் 3 மாதம், கை நீட்டினால் 6 மாதம் வரை பறக்கத் தடை வரும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து உரிமைகள். இவை விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியிலேயே இருக்கின்றன, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பயண நேரம் இரண்டரை மணிக்குள் உள்ள மதுரை போன்ற விமானம் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். டெல்லி மாதிரி நீண்ட பயணத்துக்கு 3 மணி நேரம். தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், தேர்வு உங்களுடையது. 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் சொல்லாமல் ரத்து செய்தால் அதோடு இழப்பீடும் உண்டு: ஒரு மணிக்குள்ளான பயணத்துக்கு 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். வானிலை, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு என்றால் இழப்பீடு கிடையாது. பனிக்காலத்தில் எல்லாவற்றையும் வானிலைக் கணக்கில் எழுத ஆசை வருவது இதனால்தான். அதே ஊருக்கு மற்ற விமானங்கள் போயிருந்தால் அதற்குச் சான்றாக அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து வையுங்கள்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஏஜென்ட் மூலம் டிக்கெட் போட்டால் அவர் தன் போன் எண்ணையே கொடுத்துவிடுவார். ரத்துத் தகவல் அவருக்குப் போகும், உங்களுக்கு வராது. பயணி சரியான தொடர்பு எண் தரவில்லை என்று காட்டி இழப்பீட்டை மறுக்க விதி இடம் தருகிறது. பிஎன்ஆர் (முன்பதிவு எண்) வந்ததும் விமான கம்பெனியின் தளத்துக்குள் போய் உங்கள் போன் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். நீங்களே ரத்து செய்தாலும், திருப்பித் தராத டிக்கெட்டாக இருந்தாலும், விமான நிலையப் பயனர் கட்டணமும் வரிகளும் திரும்ப வர வேண்டியவை. சிறு தொகைதான், ஆனால் உங்கள் தொகை.

டிக்கெட்டில் இருக்கும் நேரம் சக்கரம் உருளும் நேரம். கேட் பெரும்பாலும் 25 நிமிடம் முன்பே மூடிவிடும். கடைசியில் ஓடிவருபவரைத் தடுப்பது கல்நெஞ்சத்தால் அல்ல: ஒரு தலை குறைந்தால் அவர் பெட்டியை விமானத்தின் வயிற்றிலிருந்து தேடி இறக்க வேண்டும், எடைக் கணக்கைத் திருத்த வேண்டும், இதற்கெல்லாம் நேரம் வேண்டும்.

ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் இருக்கைக்கு மேலே பை வைக்கும் அறை சிறியது. டிராலியை ஏணிப்படியிலேயே வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். பவர் பேங்க் அடியில் போகக் கூடாது. அதையும் மருந்தையும் சாவியையும் முன்கூட்டியே சின்னப் பையில் எடுத்து வைத்தால் அந்த இடத்தில் எல்லாவற்றையும் கொட்டித் தேட வேண்டாம். ஊரிலிருந்து கட்டிக்கொடுப்பதில் கொப்பரை செக்-இன் பெட்டியில் போகாது. எண்ணெய்ச் சத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. மிளகாய் ஊறுகாய் கைப்பையில் போகாது.

பெட்டி உடைந்தோ வராமலோ போனால் வெளியே வருமுன், பெல்ட் பக்கத்துக் கவுண்டரிலேயே பிஐஆர் என்ற பெட்டிப் புகார்ப் படிவம் எழுதி நகல் வாங்குங்கள். வெளியே வந்தபின் சொன்னால் எங்கே உடைந்தது என்று உங்களையே கேட்பார்கள். கம்பெனியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி பதில் தராவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம். போர்டிங் பாஸ் படம், வந்த எஸ்எம்எஸ், தாமதச் சான்று மூன்றையும் இணையுங்கள். தாமதச் சான்றை அன்றே கவுண்டரில் கேட்டு வாங்கிவிடுவது நல்லது.