ஃபோர்-பை-ஃபோர் பிக்கப் என்று வாங்கினேன், முன் ஷாஃப்ட்டே இல்லை

செகண்ட் ஹேண்டில் ஃபோர்-பை-ஃபோர் பிக்கப், அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற, பின்னால் திறந்த தொட்டி வைத்த வண்டி தேடி அலைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன வருஷம் ஆவணியில் 11 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்து ஒன்று வாங்கினேன். இழுப்பது பின்னால் இருக்கிற இரண்டு சக்கரம் மட்டும்தான் என்று ஐப்பசி மழையில் தெரிந்தது. கடைப் பெயரை எழுத மாட்டேன், புகார் கொடுத்திருக்கிறேன். வண்டியின் பெயரும் வேண்டாம். செய்து அனுப்பிய கம்பெனி மேல் ஒரு குற்றமும் இல்லை, பிறகு கைமாறிய இடத்தில்தான் எல்லாம் நடந்தது.

பிக்கப் எதற்கு என்றால், மாமனாருக்குத் தாளவாடிப் பக்கம் தோட்டம். திம்பத்தின் 27 வளைவும் ஏறி, கடைசி மூன்று கிலோமீட்டர் மண் தடம். மாதம் இரண்டு முறை உர மூட்டை, டிரிப் பைப் என்று ஏதாவது ஏறும். இன்னொரு பக்கம் ஆசை: வருஷத்துக்கு ஒரு தடவை பின்தொட்டியில் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு ஸ்பிட்டி, லடாக் என்று கிளம்பிவிட வேண்டும். நம் பக்கத்து மலைகளில் ஆஃப்-ரோடு என்று பேசுவதெல்லாம் பெரும்பாலும் எஸ்டேட் ரோடும் தோட்டத் தடமும்தான். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் சக்கரத்தை வைத்தால் வனத்துறை வழக்கு. கொழுக்குமலைக்கு நம் வண்டியில் போகலாம் என்று கிளம்பினால், சூரியநெல்லியில் நிறுத்திவிட்டு அந்த ஊர் ஜீப்பில்தான் ஏற வேண்டும்.

புதிதாக வாங்கலாம் என்று பார்த்தால், சொந்த உபயோகத்துக்கான ஃபோர்-பை-ஃபோர் பிக்கப்பை நம் நாட்டில் ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். டொயோட்டா ஹைலக்ஸ் 2022 மார்ச்சில் விலை அறிவித்தபோதே ஷோரூம் விலை 33.99 லட்சத்தில் ஆரம்பம். இசுசு வி-கிராஸ் 2016-ல் வந்தபோது 12.49 லட்சம், இப்போது அந்தப் பெயருக்கு ஏறக்குறைய இரு மடங்கு. அதே முகத்தோடு ஹை-லேண்டர் என்று ஒன்று நிற்கும், ஆனால் அதில் முன் சக்கரம் இழுக்காது. டாடா ஜெனான், ஸ்கார்ப்பியோ கெட்அவே எல்லாம் இனி பழையதாகத்தான் கிடைக்கும். என் கையில் 12 லட்சம். பின்தொட்டி இல்லாத சின்ன ஃபோர்-பை-ஃபோரான ஜிம்னி புதிதாக 2023 ஜூனில் 12.74 லட்சத்தில் வந்தது, கொஞ்சம் புரட்டினால் முடிந்திருக்கும். "உர மூட்டையை மடியிலயா வெச்சுட்டுப் போறது?" என்று நானே அதைத் தள்ளினேன். "புதுசா சின்னதா ஏதாவது எடுங்க, மூட்டைக்கு டெம்போ சொல்லிக்கலாம்" என்று வீட்டில் சொன்னாள். அந்த வாக்கியத்தை இப்போது வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன்.

கோவையில் பழைய கார்களைக் கைமாற்றிவிடுகிற ஒரு கார் கன்சல்டிங் கடை. வாட்ஸ்அப்பில் படம் வந்தது: சாம்பல் நிறம், சேற்றுக்கான எம்.டி. டயர், பின்பக்கம் நன்றாகத் தூக்கி நிற்கிறது. கீழே "68,000 கி.மீ., ஃபோர்-பை-ஃபோர் வொர்க்கிங், லிஃப்ட் கிட் போட்டது" என்று எழுதியிருந்தது. லிஃப்ட் கிட் என்றால் வண்டியை உயரத் தூக்கி வைக்கிற சாமான். இந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்தேன், பிற்பாடு அதுதான் கைகொடுத்தது.

"டாக்டர் வெச்சிருந்த வண்டிங்ணா. ஹாஸ்பிடலுக்கும் வீட்டுக்கும் ஓடுனதோட சரி" என்றார் கடைக்காரர். நம் ஊரில் விற்பனைக்கு வருகிற பழைய வண்டிகளையெல்லாம் வைத்துப் பார்த்தால் ஆளுக்கு மூன்று டாக்டர் இருக்க வேண்டும். ஆர்.சி.யில் இரண்டாவது ஓனர் என்று இருந்ததைக் காட்டிக் கேட்டேன். "அது வீட்டம்மா பேருக்கு மாத்துனதுங்ணா." சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று இன்றுவரை புரியவில்லை.

அன்று நல்ல முகூர்த்த நாள். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வெள்ளை வேட்டியோடு நேராகக் கடைக்குப் போயிருந்தேன். அடியில் படுத்துப் பார்க்க மனம் வரவில்லை. குனிந்து எட்டிப் பார்த்தேன், அடிச்சட்டமான சேஸ் கருகருவென்று பளபளத்தது. "இப்பத்தான் அண்டர்கோட்டிங் அடிச்சோங்ணா, துரு புடிக்காது." பத்து வருஷ வண்டியின் அடிப்பக்கம் முகத்தைவிடப் பளபளப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். "ஃபோர் வீல் போட்டுக் காட்டுங்க" என்றேன். கேட்கத் தெரிந்த ஆள் என்று எனக்கே ஒரு பெருமை. கடையின் சிமென்ட் முற்றத்திலேயே வண்டியை எடுக்கச் சொன்னார். குமிழைத் திருப்பி, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் ஹையில் வைத்தேன், மீட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து ஒரு வட்டம் போட்டேன். ஒரு சத்தம் இல்லை, ஒரு முரண்டு இல்லை, வெண்ணெய் மாதிரித் திரும்பியது. "எவ்வளவு ஸ்மூத் பாருங்ணா" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த ஸ்மூத்துதான் நோய். வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டத்தில் போகும், பின் சக்கரம் சின்ன வட்டத்தில் போகும். இந்த மாதிரி பிக்கப்களில் பெரும்பாலும் வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்கிற பார்ட்-டைம் ஃபோர் வீல்தான், முன்னையும் பின்னையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. ஃபோர் ஹை போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிவிடும். கெட்டித் தரையில் முழுசாக ஒடித்தால் யாரோ பிரேக் பிடித்த மாதிரி வண்டி தயங்க வேண்டும், டயர் வழுக்கிக் குதிக்க வேண்டும். அப்படித் திரும்புவது உள்ளே இருக்கிற சாமான்களுக்கு நல்லதில்லை என்பதால்தான், தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதே என்கிறார்கள். சோதிப்பதாக இருந்தால் ஜல்லியோ மணலோ பரப்பிய இடத்தில் மெதுவாகத் திருப்புங்கள், அங்கேயும் அந்தப் பிடிப்பு கைக்குத் தெரியும். தெரியவில்லை என்றால் முன் சக்கரத்துக்குச் சக்தி போகவில்லை.

பத்து லட்சம் ஆர்.சி. ஓனர் கணக்குக்குப் போனது, மிச்சம் கடைக்காரர் கையில் ரொக்கம். பில் கேட்டேன். "நாங்க நடுவுல இருந்து முடிச்சுக் குடுக்கறதோட சரிங்ணா" என்று ஒரு டெலிவரி நோட்டை நீட்டினார். அடியில் பொடி எழுத்தில் "உள்ளது உள்ளபடி" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரம் எல்லாம் ஒழுங்காகப் போய், பெயர் மாறி வந்துவிட்டது. காகிதத்தில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு மாதம் தார் ரோட்டில் ராஜா மாதிரி ஓட்டினேன். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, முந்தின இரவு நல்ல மழை, தோட்டத்துத் தடம் சாந்து மாதிரி கிடந்தது. ஃபோர் ஹை போட்டேன், பச்சை விளக்கு எரிந்தது. ஏற்றத்தில் பாதி போனதும் வண்டி நின்ற இடத்திலேயே கத்த ஆரம்பித்தது. மச்சினன் இறங்கிப் போய்ச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, முன்னாடி சக்கரம் சுத்தவே இல்லையே!"

"ஃபோர் லோ போடறேன், பாரு."

இன்னும் மெதுவாக, இன்னும் பலமாக இழுக்கிற கியர் அது. போட்டேன். பின் சக்கரம் ஒன்று மட்டும் சேற்றை வாரி அவன் சட்டை மேல் அடித்தது. காலி பிக்கப்புக்கு எடையெல்லாம் எஞ்சின் பக்கம், பின்தொட்டி லேசாக இருக்கும். அதில் பின் சக்கரத்தை மட்டும் நம்பினால் சாதாரண காருக்குக் கிடைக்கிற பிடிகூடச் சேற்றில் கிடைக்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் டிராக்டரோடு வந்து இழுத்துப் போட்டார். "நாலு சக்கரமும் இழுக்குமுன்னு சொன்னீங்களே" என்று அவர் கேட்டதில் கிண்டல்கூட இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டார். அதுதான் வலித்தது.

திங்கட்கிழமை, லாரி வேலை பார்க்கிற ஒரு பெரியவர் பட்டறையில் குழி மேல் ஏற்றினோம். டார்ச் அடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றிருப்பார்.

"கண்ணு, இங்க எறங்கி வா. ட்ரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து பின்னாடி ஒரு ஷாஃப்ட் போகுதா? இதே மாதிரி முன்னாடி ஒண்ணு போகோணுமே, எங்க?"

இல்லை. எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அங்கிருந்து அதைச் சக்கரத்துப் பக்கம் கொண்டுபோகிற தண்டுதான் ஷாஃப்ட். முன் தண்டை நெம்பி எடுத்த தடம் மட்டும் இருந்தது. முன் சக்கரங்களைச் சுற்ற வைக்கிற பல்சக்கரப் பெட்டியான முன் கிரவுனைப் பிரித்ததும் காரணம் கிடைத்தது: உள்ளே பல் உடைந்து தூள். ஷாஃப்ட் இருந்தால் ஃபோர் வீல் போட்டதும் ஊரைக் கூட்டும் சத்தம் வரும். அதனால் ஷாஃப்ட்டையே கழற்றிவிட்டார்கள். என் வண்டியில் பச்சை விளக்கு ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கிற ஸ்விட்சைப் பார்த்து எரிகிறது, சக்கரத்தைப் பார்த்து அல்ல. குமிழைத் திருப்பினால் விளக்கு எரியும், அதற்கு மேல் அது எதற்கும் சாட்சி இல்லை.

பெரியவர் அதோடு விடவில்லை. லிஃப்ட் கிட் என்றது வேறொன்றுமில்லை, பாரம் ஏற்றுவதற்காகப் பின்னால் கூடுதலாகச் சொருகிய இரண்டு ஸ்பிரிங் பிளேட்டுதான். பின்பக்கம் தூக்கி நின்றதும், காலியாக ஓட்டும்போது முதுகெலும்பு கழன்றதும் அதனால்தான். அந்த விறைப்பில் பின் ஆக்சில் மேடு பள்ளத்துக்கு வளைந்து கொடுக்காது, ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். கருப்புப் பெயின்ட்டைச் சுரண்டினார். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் சேஸில் வெல்டிங் தழும்பு. அளவுக்கு மேல் பாரம் அடித்த பிக்கப் அந்த இடத்தில்தான் விரிசல் விடுமாம். சேஸ் ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்தார், சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்தது. "கிரஷர் தூளு கண்ணு. உன்ற டாக்டரு கல்லுதான் ஒடச்சிருக்காரு."

எம்.டி. டயரில் கட்டை தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் 2317 என்று இருந்தது, 2017-ன் 23-வது வாரம் செய்த பழைய டயர். பின்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேஸ் நம்பரைக் கொடுத்துப் பழைய பதிவைக் கேட்டேன். 2021-லேயே 1,32,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நான் வாங்கும்போது மீட்டர் 68,000 காட்டியது. இந்தப் பதிவை வாங்குவதற்கு முன்பே, விற்கிறவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கலாம். பத்து நிமிஷ வேலை.

கடைக்குப் போனேன். முதலில் காபி வந்தது. பிறகு சாக்குகள் வந்தன. "நீங்க ஓட்டிப் பார்த்துத்தானுங்ணா எடுத்தீங்க." "ரெண்டு மாசத்துல நீங்களே எங்கியாவது வுட்டு அடிச்சிருக்கலாம்." கடைசியாக, "நான் வித்தவனே இல்லீங்களே, நடுவுல கைகாட்டுனவன்."

இந்தக் கடைசி சாக்குக்குத்தான் ஒரு பதில் இருக்கிறது, அதை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கிற டீலர் போக்குவரத்துத் துறையில் பதிவு செய்து அங்கீகாரம் வாங்க வேண்டும். ஓனர் வண்டியை டீலரிடம் ஒப்படைக்கும்போது 29சி ஃபாரத்தில் தெரிவிக்க வேண்டும். கடைக்குள் நுழைந்ததும் அந்த அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். முகம் மாறினால் திரும்பி வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் பதிவு செய்தேன், ஒன்றும் நகரவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 10 முதல் 20 லட்சம் வரைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வாட்ஸ்அப் மெசேஜ், பெரியவர் குழியில் எடுத்த படங்கள், சர்வீஸ் சென்டர் பதிவு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் இணைத்திருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்த 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

முன் கிரவுன், ஷாஃப்ட், பிளேட்டு மாற்றியது, டயர் என்று இதுவரை 2 லட்சத்து 60 ஆயிரம் போயிருக்கிறது. சேஸைத் தொடவில்லை. ஸ்பிட்டிக்கு இந்த வெல்டிங்கோடு கிளம்பக் கூடாது என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தாளவாடிக்கு மட்டும் போய் வருகிறது.

பழைய பிக்கப்பே வாங்காதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பாரம் ஏற்றாத, சர்வீஸ் பதிவு முழுசாக இருக்கிற வண்டி கிடைத்தால் இன்றும் அதைத்தான் எடுப்பேன், புதிதுக்குக் கடன் வாங்க மாட்டேன். ஆனால் குழி மேல் ஏற்ற விடாத கடையில் டீகூடக் குடிக்க மாட்டேன்.

எதிர் வக்கீல் இரண்டு முறை வாய்தா வாங்கிவிட்டார், அடுத்தது தை கடைசியில். அதற்கு நடுவில் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் யாராவது ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறேன். அடியில் படுத்துப் பார்க்கக் கோணிச்சாக்கு வண்டியிலேயே கிடக்கிறது. வேட்டி கட்டிக்கொண்டு வர மாட்டேன்.