தூக்கத்தைக் கெடுக்கும் மூன்று தொடர்கொலைப் படங்கள்

'ராட்சசன்' (2018) வந்தபோது பாண்டியில் தியேட்டரில் பார்த்தேன். பரிசுப் பெட்டியைத் திறந்தால் பொம்மைத் தலை. ஜிப்ரான் இசை வேறு சேர்ந்து நடுங்க வைத்துவிட்டது. மாணவிகளிடம் அத்துமீறும் அந்த வாத்தியார் வரும் காட்சிகள் இன்னும் மோசம்; பொம்பளைப் பிள்ளை பெற்ற என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கொலைகாரனின் முன்கதையைத்தான் அநியாயத்துக்கு இழுத்துவிட்டார்கள்.

'சிகப்பு ரோஜாக்கள்' (1978) கமலின் சிரித்த முகத்துக்காகவும் அந்த ரோஜாத் தோட்டத்துக்காகவும் பார்க்கலாம். பெண்களைப் பற்றி அது பேசுவது இப்போது எரிச்சல்.

ஒன்றுதான் பார்ப்பேன் என்றால் போங் ஜூன் ஹோவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003) பாருங்கள். கொரியப் படம்தான், ஆனால் வயலும் மழையும் வாய்க்காலும் நெல்லிக்குப்பம் பக்கம் பஸ்ஸில் போகிற மாதிரியே இருக்கும். ரத்தம் குறைவு. கிடைத்த ஒரே காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறிப் போகும், போலீஸ் கத்திக்கொண்டு நிற்கும். சிரிப்பு வரும், உடனே வயிற்றைப் பிசையும். அப்பாவிகளை அடித்து வாக்குமூலம் வாங்குகிற இடங்கள் நமக்குப் புதிதா என்ன? கொரியாவில் நிஜமாகவே நடந்த தொடர்கொலைகளை வைத்து எடுத்த படம் இது; நிஜக் குற்றவாளி யாரென்று தெரிந்ததே 2019இல்தான். சப்டைட்டிலோடு பாருங்கள், டப்பிங் வேண்டாம்.